இன்னாசி சொன்ன ‘கட்’

ஃப்ளேவியா அன்று காலை உணவகத்தில் கேட்டது இரட்டைத் தோசை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய் தவறி ‘செட் தோசை’ என்று சொல்லியிருக்கிறாள். சமையல்பொறி கல்லின் சூட்டை இருநூறு பாகையில் நிறுத்திவிட்டு, அடுத்த கட்டளைக்காகக் காத்து நின்றது. ‘செட்’ என்றால் அளவை நிறுத்தி வை. அதற்கு வேறு பொருள் கிடையாது.

தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, தூண்களின் மேல் நின்றது அந்த நீரேற்று நிலையம். கடல்நீரை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, நான்கு மாவட்டங்களுக்குக் குடிநீர் அனுப்பியது. அங்கே விசையும் இல்லை, பொத்தானும் இல்லை. வாயால் சொல்ல வேண்டும். செவியம் என்ற பொறிமூளை கேட்டுச் செய்யும். அதனால் வேலை நேரம் தொடங்கும்போது எல்லோரும் வரிசையில் நின்று சொற்பட்டியலை உரக்கப் படித்தார்கள். லைன் என்றால் கயிறு. சார்ஜ் என்றால் மின்னூட்டம். ரன் என்றால் ஓட்டு. கட் என்றால் அழைப்பை முடி.

அந்தக் கடைசிச் சொல்லால்தான் ஒருபொருள் சட்டமே வந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு துறைமுகத்தில், பாரந்தூக்கி ஓட்டுநர் ஒருவர் போனில் வளவளத்துக்கொண்டிருந்த கூட்டாளியிடம் “கட் பண்ணுப்பா” என்றார். பொறி சுமைக்கயிற்றை அறுத்தது. கீழே நின்ற மூன்று பேர் போய்விட்டார்கள். இரவல் வாங்கிய சொல்லை ஜனங்கள் கரண்டுக்கும் தலைமுடிக்கும் சம்பளத்துக்கும் காலேஜுக்கும் பிய்த்துப் பிய்த்துப் பயன்படுத்தியிருந்தார்கள். பொறிக்கு என்ன தெரியும்? அரசு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருளை எழுதிப் பூட்டியது. கயிற்றுக்கு ‘அறு’, இயந்திரத்துக்கு ‘நிறுத்து’, அழைப்புக்கு ‘கட்’. அதன் பிறகு அப்படியொரு சாவு நடக்கவில்லை என்பதும் உண்மை.

ஃப்ளேவியா அங்கே சொற்காவலர். கடலடியில் வேலை செய்பவர் பேசுவதைக் கேட்டு, பட்டியலை மீறிய சொல் வந்தால் திருத்திச் சொல்லச் சொல்வது அவள் பணி. அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று இவளாக முடிவு செய்யக் கூடாது. அதற்குச் சட்டத்தில் ‘பொருள் ஊகம்’ என்று பெயர். உரிமம் பறிபோகும் குற்றம். கீழே இருப்பவர் அவளுடைய அண்ணன் இன்னாசியாகவே இருந்தாலும்.

அன்றைக்கு இன்னாசிதான் கீழே இருந்தான். நாற்பது மீட்டர் ஆழத்தில், மூன்றாம் உறிஞ்சுகுழாயின் வாயில் உடைந்திருந்த வலைக்கம்பியை மாற்றப் போயிருந்தான். அந்தக் குழாய் மூடியிருப்பதாகத் திரை காட்டியது. மற்ற இரண்டின் வழியாக மூன்று பம்புகளும் நீரை இழுத்துக்கொண்டிருந்தன. பாரந்தூக்கிக் கயிற்றில் தொங்கிய பழைய வலைச்சட்டம் பத்தேகால் மணிக்குச் சரிந்து அவன் வலது காலைக் குழாயின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தது. மேலிருந்து அவனுக்குக் காற்று வந்த குழாயும் அதில் நசுங்கியது. முதுகில் இருந்த மாற்று உருளையில் ஒன்பது நிமிடக் காற்று.

முதலில் அவன் பதறவில்லை. கால் உடையவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது, சேறு கலங்கி எதுவும் தெரியவில்லை என்று நிதானமாகச் சொன்னான். மேற்பார்வையாளர் சிதம்பரதாணு கயிற்றை மேலே இழுக்கச் சொன்னார். வலைச்சட்டம் அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தபோது இன்னாசி வலியில் முனகினான். மாற்று மூழ்காளர் உடை மாட்டி இறங்கப் பத்து நிமிடமாவது ஆகும். நாலு நிமிடம் போயிருந்தது. அவன் பேச்சு குறைந்து, மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது.

“ஃப்ளேவி… கட் பண்ணு.”

“அழைப்பு முடிந்தது,” என்றது செவியம்.

ஒலிபெருக்கி ஓய்ந்துபோயிற்று. முடித்தவர்தான் அழைப்பை மீண்டும் திறக்க முடியும். நிர்வாகம் ஒட்டுக்கேட்கக் கூடாதென்று தொழிற்சங்கம் போராடி வாங்கிய விதி அது. ஃப்ளேவியா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கயிற்றைத்தான் அறுக்கச் சொல்கிறான் என்றார் சிதம்பரதாணு. கயிறு போனால் சட்டம் தன் பாரத்தில் நழுவி விழும், கால் விடுபடும் என்பது அவர் கணக்கு. தவறாகச் சொல்லியிருந்தால் திரும்பவும் திறந்து பேசியிருப்பானே என்றும் அவரே குழம்பினார்.

ஃப்ளேவியா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் சங்கு குளிக்கப் போன காலத்தில் நாலு வருஷம் அவள்தான் வள்ளத்தில் எஞ்சின் பிடித்தாள். கயிற்றை அவன் ஒருநாளும் கட் பண்ணச் சொன்னதில்லை. கயிறு என்றால் அறு, மீன் என்றால் வெட்டு. தண்ணீரில் குதிக்கும் முன் எஞ்சினைப் பார்த்துத்தான் சொல்வான், கட் பண்ணு பிள்ளே என்று. சுழலும் எதையோ நிறுத்தச் சொல்கிறான். அப்படியானால் மூடியிருக்கிறது என்று திரை காட்டும் குழாய் மூடியிருக்கவில்லை. சட்டத்தைப் பிடித்திருப்பது பாரமில்லை, உறிஞ்சல்.

“மூணு பம்பையும் நிறுத்தணும்,” என்றாள்.

“நிறுத்தினா திரும்ப ஓட்ட பதினாலு மணி நேரம் ஆகும். நாலு மாவட்டத்துக்குத் தண்ணி கிடையாது,” என்றார் சிதம்பரதாணு. “அவன் சொன்னது அதுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது என்றாள் அவள். மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. ஒலிவாங்கியின் பக்கம் குனிந்து, மூன்று பம்புகளையும் நிறுத்து என்று தெளிவாகச் சொன்னாள்.

“இது மூழ்காளர் சொன்னதா, உங்கள் ஊகமா?” என்று கேட்டது செவியம்.

மூழ்காளர் சொன்னது என்றால் உரிமம் தப்பலாம். பொய் அவள் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் செவியம் பழைய பதிவை ஓட்டி, சொல்லைத் தேடிச் சரிபார்க்கும். அதற்கு நேரமில்லை. ஊகம் என்றால் சொன்னவர் பெயரைக் குறித்துக்கொண்டு உடனே செய்துவிடும்.

“ஊகம்,” என்றாள். “சொன்னது ஃப்ளேவியா ரொட்ரிகோ.”

பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைச்சல் அடங்கி நின்றன. அவள் சேர்ந்த நாளிலிருந்து காலடியில் இடைவிடாமல் அதிர்ந்த தளம் அசைவற்றுப் போனது. சிதம்பரதாணு கயிற்றை இழுக்கச் சொன்னார். இம்முறை சட்டம் இலை மாதிரி எழும்பி வந்தது. இன்னாசியை மேலே கொண்டுவந்தபோது உதடு நீலமாக இருந்தது. நினைவில்லை, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. ஃப்ளேவியா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை. ஆணையர் மெகராஜ் பானு கடுமையானவர் என்று பெயர். ஆனால் அன்று சற்று இளகியே இருந்தார். மூன்றாம் குழாயின் அடைப்பான் பழுதாகித் திறந்தே கிடந்ததை நிபுணர்கள் உறுதி செய்துவிட்டார்கள். கயிற்றை அறுத்திருந்தால் அவ்வளவு பாரமும் காலின் மேல் இறங்கியிருக்கும். பம்பைத்தான் குறிப்பிட்டேன் என்று மூழ்காளர் தம் வாயால் சொன்னால், சொற்காவலர் ஊகிக்கவில்லை, சரியாகக் கேட்டார் என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆணையர் கேள்வியையே அந்தப் பக்கம் சாய்த்துத்தான் கேட்டார்.

இன்னாசி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றான். கொஞ்ச நேரம் தங்கையைப் பார்த்தான்.

“பம்பைச் சொல்லலம்மா,” என்றான். “கயித்தையும் சொல்லல. போனைத்தான் சொன்னேன்.”

புரியவில்லை என்றார் ஆணையர்.

“உறிஞ்சுதுன்னே எனக்குத் தெரியாது. காத்து தீரப்போகுது, கடைசியில என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். கூட இறங்கினவன் ஒருத்தன் போனப்ப கேட்டிருக்கேன். அதை என் தங்கச்சி கேக்க வேண்டாம்னு கட் பண்ணச் சொன்னேன்.”

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் செவியம் உங்களைச் சரியாகத்தான் புரிந்துகொண்டது என்றார், கேள்வியாகவும் இல்லாமல் பதிலாகவும் இல்லாமல்.

“சரியாத்தான் புரிஞ்சுது. இவதான் தப்பாப் புரிஞ்சுகிட்டா. அதனாலதான் நான் இங்க நிக்கேன்.”

உண்மையை எழுதிய பிறகு வேறு தீர்ப்புக்கு வழியில்லை. பொருள் ஊகம், அதுவும் பிழையான ஊகம். உரிமம் பறிக்கப்பட்டது. உயிர் தப்பியதைக் கருதித் தண்டத்தை விலக்குவதாக ஆணையர் ஒரு வரி சேர்த்தார். கட் என்ற சொல்லின் பொருளை மாற்றத் தேவையில்லை என்றும் எழுதினார்.

வெளியே படிக்கட்டில் இன்னாசி உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததும் அவனாகவே பேச ஆரம்பித்தான். பம்பைச் சொன்னேன் என்றிருந்தால் நாளைக்குப் பட்டியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மாறும். பிறகு கீழே கிடக்கும் எவனாவது தன் வீட்டாள் காதிலிருந்து விலக நினைத்தால் அவனுக்குச் சொல் இல்லாமல் போகும். அதனால்தான் உள்ளதைச் சொன்னானாம். உன் வேலையைத் தின்னுட்டேன் பிள்ளே என்றான்.

அவளுக்கு வேலையைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டு நாளாக வராத அழுகை இப்போது கோபமாக வந்தது. அந்த மூன்று நிமிடமும் அண்ணன் தன்னிடம் ஏதோ கேட்கிறான் என்று நம்பியல்லவா அவள் துடித்தாள். அவனோ தன்னைத் துண்டித்துக்கொண்டு தனியாகப் போகப் பார்த்திருக்கிறான்.

“இன்னொரு தடவை அப்படி வந்தா,” என்றாள், “என்கிட்ட பேசிக்கிட்டே போ. என்ன சத்தம்னாலும் நான் கேட்டுக்கிடுதேன்.”

இன்னாசி ஊன்றுகோலை விட்டுவிட்டு, எழுப்பிவிடச் சொல்லி அவளை நோக்கிக் கையை நீட்டினான்.