தள்ளுபடி அக்காவின் ஐந்து டப்பாக்கள்

வியாழக்கிழமை. காலை 7.40.

கீழ்வீட்டுத் தையற்காரி ஒரு கத்தை கூப்பனோடு மாடிக்கு ஏறிப்போனாள். சோப்புக் கூப்பனைக் கொடுத்துவிட்டு எண்ணெய்க் கூப்பனை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கதவு திறந்தே கிடந்தது. இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. சமையலறையை எட்டிப்பார்த்தவள் கையிலிருந்த கூப்பன்களை அப்படியே நழுவவிட்டாள்.

அந்த வீட்டு மருமகள் குழாயடியில் குப்புறக் கிடந்தாள். வாயோரம் நுரை. பக்கத்தில் பிடி வைத்த எவர்சில்வர் கோப்பை ஒன்று உருண்டு கிடந்தது. வயது நாற்பத்தொன்று. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘தள்ளுபடி அக்கா’. எந்தக் கடையில் என்றைக்கு எது பாதி விலை என்பது கடைக்காரர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள்.

காலை 8.15.

பெண் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான உருவம், நரைத்த முன்முடி. அவர் சடலத்தருகே அதிக நேரம் நிற்கவில்லை. சமையலறையைச் சுற்றிப் பார்த்தார்.

சர்க்கரை டப்பா மூடாமல் இருந்தது. மேடையில் சத்துபானப் பொடி டப்பா ஒன்று, திறந்து கொஞ்சம் மட்டும் எடுத்திருந்தது. அதைக் கைக்குட்டையால் பிடித்துத் திருப்பினார். பின்பக்க லேபிளில் ஒரு கிழவர் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை. உள்ளே போன காவலர், “கடையே வச்சிருக்காங்க மேடம்” என்றார். உண்மைதான். சோப்பு, எண்ணெய், மாவு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. பழையது முன்னால், புதியது பின்னால். ஒவ்வொன்றின் தலையிலும் பேனாவால் கெடு தேதி. கடைசித் தட்டில் நான்கு சத்துபான டப்பாக்கள். நான்கு லேபிள்களிலும் சதுரமாக ஓர் ஓட்டை. நான்கு கிழவர்களுக்கும் வலது கையே இல்லை.

காலை 8.40.

கணவன் ஓடிவந்தான். உரக் கிடங்கில் சரக்கு எழுதுபவன். ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பியவன். மனைவியைப் பார்த்ததும் சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். “நீயாடி... நீயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தையற்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“காலையில என்ன சாப்பிட்டாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும் மேடம்? அந்தக் கடைக்காரனைக் கேளுங்க! கெட்டுப்போனதை எல்லாம் தள்ளிவிடறான். டப்பாவுக்கு அறுபத்தஞ்சு ரூபா வாங்கிக்கிட்டு விஷத்தையா விப்பான்?”

“நீங்க அந்தக் கடைக்குப் போவீங்களா?”

“நானா? மூணு வருஷமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல. எல்லாம் அவதான்.”

ஆய்வாளர் தலையாட்டினார். குறிப்பேட்டில் ஒரே ஓர் எண்ணை எழுதினார்.

காலை 9.10.

மாமனார் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்.

“அந்தக் கோப்பை யாரோடது ஐயா?”

“என்னோடது. தினம் காலையில அதுலதான் சத்துப்பொடி கலக்கிக் குடுப்பா.”

“நீங்க குடிக்கலையா?”

“ஒரு வாய் குடிச்சேன். வாயில வைக்க விளங்கல, ஒரே கசப்பு. கொட்டிடும்மான்னேன். ‘இவ்வளவு பொடியைப் போட்டுட்டு யாராவது கொட்டுவாங்களா மாமா, சக்கரை அள்ளிப் போட்டு நானே குடிச்சுக்கறேன்’னு எடுத்துட்டுப் போனா.” கிழவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். “அவ அந்தப் பொடியைக் குடிச்சு நான் பாத்ததே இல்ல. எனக்குன்னு வாங்குறது. அதைத் தொடவே மாட்டா.”

ஆய்வாளர் உடனே ஒரு காவலரோடு அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். ஒரு வாயோடு நின்றதால் ஆபத்தில்லை என்று அரைமணியில் தகவல் வந்தது.

காலை 10.00.

தெரு அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. “மலிவா கிடைக்குதுன்னு கண்டதையும் வாங்கினா இப்படித்தான்.” கீழே நின்ற ஒருத்தி சொன்னதைக் கேட்டுத் தையற்காரி சீறினாள்.

“வாயைக் கழுவுங்க. கெடு தேதி பாக்காம ஒரு தீப்பெட்டி வாங்கியிருக்காங்களா அக்கா? வீட்டுக்காரருக்குச் சம்பளத்தைப் பாதியாக்கி மூணு வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல யாரு ஒருவேளை பட்டினி கிடந்தாங்க?”

ஆய்வாளர் அவளைத் தனியே அழைத்தார்.

“கடைசியா எப்ப கடைக்குப் போனாங்க?”

“ஞாயித்துக்கிழமை மேடம். நானும் போனேன். சத்துப்பொடி பாதி விலை, ஆளுக்கு அஞ்சு டப்பாதான்னாங்க. அஞ்சையும் எடுத்தாங்க. அதுக்கப்புறம் போகல. திங்கள்லேருந்து நேத்து வரைக்கும் பகல் முழுக்க எங்க வீட்டுலதான் இருந்தாங்க. சீருடை ஆர்டர் வந்துச்சு, பட்டன் தச்சுக் குடுத்தாங்க.”

“டப்பா லேபிள்ல இருக்கிற கூப்பனை எப்ப வெட்டுவாங்க?”

“பை தரையில இறங்குறதுக்குள்ள கத்தரிக்கோல் கையில இருக்கும். அப்புறம்தான் மத்த வேலை.”

சாமான் அறை ஆணியில் தொங்கிய கூப்பன் நோட்டைத் தையற்காரியே எடுத்துக் கொடுத்தாள். சத்துபானப் பக்கத்தில் ஐந்து கூப்பன்கள் ஒரே கிளிப்பில் இருந்தன. ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி. கீழே குண்டுக் கையெழுத்தில்: ‘ஒன்று 29. மாமாவுக்கு இரண்டரை மாதம் கவலையில்லை.’

ஆய்வாளர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

காலை 11.20.

கடை மேலாளருக்கு முகம் வெளுத்திருந்தது. “எங்க சரக்கு சீல் வச்சது மேடம். அறுபது டப்பா வித்திருக்கோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.”

“விலை டப்பாவில போட்டிருக்குமா?”

“இல்ல. அலமாரிச் சீட்டுல மட்டும்தான். ரெண்டு வருஷமா அம்பத்தெட்டு. ஞாயிறு ஒருநாள் மட்டும் இருபத்தொன்பது. செவ்வாய் காலையில கம்பெனி ஏத்திட்டாங்க, இப்ப அறுபத்தஞ்சு.”

“செவ்வாய்க்கு அப்புறம் எத்தனை வித்தது?”

மேலாளர் கணினியைத் தட்டினார். “ஒண்ணே ஒண்ணு. செவ்வாய் சாயங்காலம் 6.05.”

கல்லாவில் இருந்த பெண்ணுக்கு நினைவிருந்தது. “மழைக்கோட்டுல தொப்பியை இழுத்துவிட்ட ஆளு. உறுப்பினர் நம்பர் சொல்லுங்க, தள்ளுபடி இருக்குன்னேன். வேணாம், முழு விலையே போடுன்னாரு. அதான் மனசுல நின்னுச்சு. யாரு அப்படிச் சொல்வாங்க?”

பிற்பகல் 2.30.

ஆய்வுக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. கோப்பையிலும் மேடைமேல் இருந்த டப்பாவிலும் பூச்சிமருந்து. அடுக்கிலிருந்த நான்கும் சுத்தம். கூடவே, உரக் கிடங்குக்குப் போன காவலரும் ஒரு பையோடு திரும்பினார்.

மாலை 4.00. காவல் நிலையம்.

கணவன் எதிரே உட்கார்ந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

“உங்க மனைவி அஞ்சு டப்பா வாங்கினாங்க. அஞ்சு கூப்பன் வெட்டினாங்க. அடுக்குல நாலு டப்பா, நாலுலயும் ஓட்டை. அப்ப மேடைமேல இருந்த அஞ்சாவதுலயும் ஓட்டை இருக்கணும் இல்லையா?”

ஆய்வாளர் அந்த டப்பாவின் புகைப்படத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“இல்ல. லேபிள் முழுசா இருக்கு. அவங்க கத்தரிக்கோல் படாத டப்பா அது. அவங்க வாங்கிவந்தது இல்ல. வேற யாரோ கொண்டுவந்து மாத்தி வச்சிருக்காங்க. ஓட்டை இல்லாத பக்கத்தைச் சுவர்ப்பக்கமா திருப்பி.”

“யாரு மேடம்?”

“அறுபத்தஞ்சுன்னு காலையில சொன்னீங்க. உங்க வீட்டுக்கு அது வந்த விலை இருபத்தொன்பது. பழைய விலைன்னாலும் அம்பத்தெட்டு. அறுபத்தஞ்சுங்கிறது செவ்வாய்க்கிழமை வந்த விலை. செவ்வாய்க்கப்புறம் உங்க மனைவி கடைப்பக்கம் போகல. மூணு வருஷமா நீங்களும் போகல. அப்ப அந்த விலை எப்படித் தெரிஞ்சுது?”

ஆய்வாளர் பையிலிருந்ததை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் குறைந்த டப்பா. லேபிளில் சதுர ஓட்டை.

“உங்க கிடங்குக் குப்பையில கிடந்தது. வீட்டுல வச்சு மருந்தைக் கலக்க வழியில்ல, நீங்க இருக்கிற நேரமெல்லாம் அவங்களும் சமையலறையில இருப்பாங்க. அதனால வெளியே கலந்து, நேத்து ராத்திரி ஒரு நிமிஷத்துல டப்பாவை மாத்திட்டீங்க. கடைமேல பழி போயிடும்னு கணக்கு. உங்கப்பாவைக் கொல்லப்போய் உங்க மனைவியைக் கொன்னது நீங்கதான்.”

அவன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான்.

“காலையில உங்க அழுகை பொய்யில்ல” என்றார் ஆய்வாளர். “அதனாலதான் எனக்கு இவ்வளவு நேரம் ஆச்சு.”

அவன் மேசையைப் பார்த்தபடி பேசினான். “அப்பா பேர்ல ரெண்டு மாடி வீடு. வித்துட்டுச் சின்னதா ஒண்ணு பாக்கலாம்னு மூணு வருஷமா கெஞ்சினேன். நான் செத்தப்புறம் என்ன வேணா பண்ணிக்கோன்னாரு. இவ... ரெண்டு காசுக்காக நாலு கடை ஏறி இறங்குவா. கல்லாவில வரிசை நின்னவங்க இவளைப் பாத்துச் சிரிச்சதை ஒருநாள் பாத்தேன். அதோட அந்தக் கடைக்குப் போறதை விட்டுட்டேன். ஒரே ஒரு தடவை, விலையே பாக்காம இவ ஒரு பொருளை எடுக்கணும்னு...” டப்பாவின் ஓட்டையைப் பார்த்துக் கேட்டான். “ரொம்ப வலிச்சிருக்குமா?”

ஆய்வாளர் டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். எழுந்து வெளியே வந்தார்.

மாலை 5.10.

பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து நேராக அழைத்துவந்திருந்தார்கள். பக்கத்தில் தையற்காரி. ஆய்வாளர் குனிந்து, ஒன்றும் மறைக்காமல், மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கோப்பை யாருக்கு வைத்தது என்பதையும் சொன்னார்.

கிழவர் அழவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையற்காரி அவர் தோளைத் தொட்டபோது அதுகூட அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

“தூக்குல போட்டுருவாங்களா?”

“அது கோர்ட்டு முடிவு ஐயா.”

“நல்ல வக்கீல் வச்சா?”

“நிறைய செலவாகும்.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிமிர்ந்து நிற்கச் சற்று நேரம் பிடித்தது.

“வீட்டை வித்துடறேன்” என்றார். “சீக்கிரமா யாரு வாங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”