அளவு எழுதாத தக்காளி

அந்த வருஷம் முகங்களுக்கெல்லாம் விடுமுறை. கண்களுக்குத்தான் இரட்டை வேலை.

அவனை அவள் முதன்முதலில் பார்த்ததும் வெறும் கண்களாகத்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளே அவன், வெளியே அவள், நடுவில் இரண்டு பெட்டி தக்காளி. தூறல் வேறு... முகக்கவசத்துக்கு மேலே அவன் இமைகளில் இரண்டு மூன்று துளிகள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றன. கோபப்பட வேண்டிய கண்கள். ஆனால் கடைத்தெருவில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி விழித்தன.

"நான் ரெண்டு கிலோதாங்க கேட்டேன்."

"ரெண்டுன்னுதான் எழுதியிருந்தீங்க."

"ரெண்டுன்னா ரெண்டு கிலோதானே?"

"எங்க தோட்டத்துல வெறும் ரெண்டுன்னா ரெண்டு பெட்டி."

அவள் சொன்னது பொய்யில்லை. அப்பா இருபத்தைந்து வருஷமாக மொத்த மார்க்கெட்டுக்கு மட்டுமே காய் ஏற்றியவர். வியாபாரி சீட்டில் 'தக்காளி 10' என்று எழுதினால் பத்துப் பெட்டி. கிலோவெல்லாம் சில்லறைக் கடை பாஷை. நோய் வந்து மார்க்கெட்டை இழுத்துப் பூட்டியபோது, பழுத்ததைச் செடியிலேயே அழுக விட மனமில்லாமல் அவள்தான் போனில் ஒரு குழு ஆரம்பித்தாள். வீட்டு வாசலுக்கே காய் வரும் என்று அறிவித்துவிட்டு, அப்பாவின் பழைய வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டாள். அன்று அதன் முதல் சுற்று. நாற்பது கிலோ கேட்டவன் ஏதோ ஊருக்கே சமைத்துப் போடுகிற மகராசன் என்று நினைத்து, நல்ல பழமாகப் பொறுக்கி வேறு அடுக்கியிருந்தாள்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னான். முடியாது என்றாள். ஒரு வீட்டு வாசலில் இறக்கி வைத்ததைத் திரும்ப வண்டியில் ஏற்றக் கூடாது. நோய்க்காலத்துக்கென்று அப்பா போட்ட சட்டம். காலிப் பெட்டிக்கும் அதே சட்டம்தான்.

"நான் தனி ஆளுங்க. நாற்பது கிலோவை வெச்சு என்ன பண்றது... குளிக்கிறதா?"

சிரிப்பு வந்துவிட்டது. கவசம் மறைத்ததைக் கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. பேச்சை மாற்ற, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். கணக்கு வாத்தியார் என்றான், கொஞ்சம் தயங்கி.

"விடைக்குப் பக்கத்துல அளவு எழுதலைன்னா பசங்களுக்கு மார்க் போடுவீங்களா?"

"அரை மார்க் குறைப்பேன்."

"அப்ப அனுபவிங்க சார்."

வண்டியைக் கிளப்பிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தாள். ஒரு பெட்டியைத் தூக்கவும் தெரியாமல், இழுக்கவும் மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தான். பாவி மனுஷன்... அன்று போனில் அவன் எண்ணை 'ரெண்டு பெட்டி' என்று சேமித்தாள்.

அந்த நாற்பது கிலோவை அவன் மாடி மாடியாக ஏறி இறங்கிக் கதவுக்குக் கதவு வைத்துவிட்டு வந்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமைக்கு இருபத்திரண்டு வீடுகளின் பட்டியல் அவன் கையெழுத்திலேயே வந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'கிலோ', 'கட்டு' என்று அளவு. அதற்கடியில் இரண்டு கோடு வேறு. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

சனிக்கிழமைகள் வந்தன. ஊர் முழுக்கக் கதவடைத்துக் கிடந்த காலத்தில் அவளுக்கு மட்டும் வாரம் ஒருமுறை ஒரு வாசல் திறந்தது. வேன் சத்தம் கேட்டதும் மூன்றாவது மாடிப் பால்கனியில் ஒரு தலை தெரியும். பிறகு படிகளில் தடதடவென்று செருப்புச் சத்தம். ஆறடி தள்ளி நின்றே பேச்சு. கோஸ் எப்படி அப்படிச் சுருண்டு கொள்கிறது, பீன்ஸ் கொடி எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று கேட்பான். அவள் பதில் சொல்ல, அவன் பாடம் கேட்டுக்கொள்ள... இருபது நிமிஷம் இரண்டு நிமிஷமாகப் போகும்.

பாதி முகம் மூடியிருக்கும்போது யாருக்கு இந்தக் கண்மை என்று அம்மா ஒருநாள் கேட்டாள். ரோட்டில் தூசி என்றாள் இவள். தூசிக்கு மை போடுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அம்மா கீரைக்கட்டைத் திரும்பக் கட்டினாள்.

எல்லாம் ஒரு சனிக்கிழமை வரைதான். அன்று அவன் இறங்கி வருவதற்குள் கீழ் வீட்டம்மா பையை வாங்க வந்துவிட்டாள். நல்ல மனசுக்காரி, நல்லதாகத்தான் சொன்னாள்.

"அந்தத் தம்பி எதையும் சாப்பிடறதே இல்லம்மா. எல்லாம் எங்களுக்குத்தான் வருது. பாவம், தோட்டக்காரங்க கஷ்டப்படுறாங்கன்னு வாங்குதாம். தங்கமான பிள்ளை."

பாவம்... அந்த ஒரு சொல் முள்ளாகத் தைத்தது. மழை பொய்த்த வருஷத்தில்கூட யாரிடமும் இரக்கத்தை வாங்காத வீடு அவளுடையது. அப்போ இத்தனை நாள் பார்த்த அந்தப் பார்வை? கொடி எந்தப் பக்கம் சுற்றும் என்ற கேள்வி? எல்லாமே தர்மக் கணக்கா?

செருப்புச் சத்தம் இரண்டாவது மாடியை எட்டுவதற்குள் வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது. இனி உங்கள் பெயருக்குக் காய் கிடையாது என்று ஒரு வரி அனுப்பினாள். போன் அடித்தது; எடுக்கவில்லை. அடுத்த சனியும், அதற்கடுத்த சனியும், பைகளைக் கேட்டில் வைத்த கையோடு பறந்தாள். பால்கனியில் நின்ற தலையை மட்டும் கண்ணாடியில் பார்த்தாள்... பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றும்.

அதற்குள் மார்க்கெட் திறந்துவிட்டது. திங்கள்கிழமை லாரி வருகிறது, இந்தப் பொட்டலம் கட்டுகிற தலைவலியை விட்டுத்தொலைப்போம் என்றார் அப்பா. சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்... அந்த ஏனுக்கு என்ன பதில்? இனி வண்டி வராது என்று குழுவில் எழுதிப் போட்டாள். இனி சனிக்கிழமை இல்லை. அந்தக் கண்களும் இல்லை.

திங்கள் காலை, கொட்டகையில் தனியாக லாரிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. அவன் இறங்கினான். பிறகு இரண்டு பெட்டிகள் இறங்கின. அப்பா சிவப்புச் சாயத்தில் அடையாளம் போட்ட அதே பெட்டிகள். உள்ளே மண், மண்ணில் இடுப்புயரத் தக்காளிச் செடிகள், மஞ்சள் பூக்களுக்கு நடுவே பச்சையாக ஏழெட்டுக் காய்கள்.

"அழுகின பழத்தோட விதைங்க. பால்கனியில வளத்தேன்" என்றான். செடியிலிருந்து நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது... சொந்தத் தோட்டம்தானே என்று தான் கவசம் போட்டிருக்கவில்லை. அவன் முதன்முறையாக அவள் முகத்தை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னம் சுட்டது. சூட்டைக் கோபமாக்கிக்கொண்டாள். "இதுவும் பாவம் பாத்துதானா?"

"கீழ் வீட்டம்மா, சமைக்காதவனுக்கு எதுக்கு வாராவாரம் காய்னு கேட்டாங்க. உண்மையைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தோட்டத்துக்கு உதவின்னு சொல்லி வெச்சேன்."

"உண்மைன்னா?"

"கோஸ் எனக்குப் பிடிக்காதுங்க. பீன்ஸ் சமைக்கத் தெரியாது. ஆனா ஒண்ணும் வாங்காதவன் மூணு மாடி இறங்கி வந்து உங்களைப் பாக்க என்ன சாக்கு இருக்கு?"

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஆறடி தள்ளி, ஒரே கூரைக்கடியில்.

அதற்குள் அப்பாவும் அங்கே வந்துவிட்டிருந்தார். செடிகளை ஒரு பார்வை, பையனை ஒரு பார்வை. சட்டைப் பையிலிருந்து அவன் ஒரு தாளை எடுத்து நீட்டினான். முப்பத்தொரு வீடுகள், எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, சனிக்கிழமை வண்டியை நிறுத்த வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் போட்ட கையெழுத்து. அப்பா தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அளவெல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறான் என்றார். லாரிக்கு அடுக்கியதில் பாதியை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, எதையோ மறந்தவர் போல வீட்டுக்குள் போனார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அவன் தன் கவசத்தைக் கழற்றினான். தாடையில் ஒரு சின்னக் குழி... இத்தனை மாதமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"பெட்டியோட சேத்து மனசையும் உங்க வாசல்ல இறக்கிட்டேன்" என்றான் மெதுவாக. "வேண்டாம்னா சொல்லுங்க... எடுத்துட்டுப் போயிடறேன்."

அவள் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு கிளையை நிமிர்த்திக் குச்சியோடு கட்டினாள். நிமிர்ந்தபோது கண்மை லேசாகக் கரைந்திருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

"எங்க சட்டம் மறந்துபோச்சா சார்?" என்றாள். "இங்க இறக்கி வெச்சதைத் திருப்பி ஏத்தக் கூடாது."