மூன்று இழுப்பு

துளைக்குள் விட்ட கம்பி, அவன் தள்ளியதைவிட ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியது.

வழுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். புது வயர், உறை வழவழவென்று இருந்தது. பிற்பகல் மூன்று மணிதான். மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னலைச் சாத்தியிருந்தான். அறையில் ஈயம் உருகிய புகையும், ஆறு மாதம் பூட்டிக் கிடந்த புழுக்கமும், அதற்குள் எங்கோ அண்ணன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணமும் இருந்தன. எண்ணெய் மணம் ஆறு மாதம் தங்குமா என்று யோசிக்கப் பயந்து அடுத்த கம்பியை எடுத்தான்.

அறையை அடைத்துக் கிடந்த மேசைமேல் ஒரு பொம்மை ரயில் ஊர். அண்ணனும் தம்பியுமாக நாற்பதைத் தாண்டிய பிறகு கட்டியது. கழுதை வயதாகியும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்று அண்ணி கேலி செய்வாள். பழைய முறையில் ஒரு பாதையில் ஒரு ரயில்தான் ஓடும். டிஜிட்டலுக்கு மாற்றினால் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எண். தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் அது நகரும். அதற்குத் தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து மின்சாரம் வர வேண்டும். மேலே ஒருவர் துளையில் கம்பியை விட, அடியில் ஒருவர் மல்லாந்து கிடந்து அதை வாங்கி முறுக்குவார். அடியில் எப்போதும் அண்ணன்தான். இரண்டு இழுப்பு என்றால் முடிந்தது, அடுத்ததை விடு. மூன்று என்றால் கீழே வா.

ஆறு மாதத்துக்கு முன், அன்றைக்கு வந்தது மூன்று.

உப்புப் பெறாத சண்டை. சிவப்பு எந்தப் பக்கம், கறுப்பு எந்தப் பக்கம் என்பதில் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். இவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். விரலில் சுற்றியிருந்த கம்பி மூன்று முறை இழுபட்டது. கிடக்கட்டும் என்று இருந்தான். மறுபடி மூன்று. அப்புறம் கொஞ்சம் மெதுவாக. கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அரை மணி கழித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு, சற்று முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். கடைக்குப் போயிருந்தேன் என்று வாய் கூசாமல் எல்லோரிடமும் சொன்னான்.

இன்று பூட்டைத் திறந்துவிட்டபோது அண்ணி சொன்னாள்: "ஒரே ஒரு தடவை ஓட வெச்சுக் காட்டுங்க தம்பி. அப்புறம் பிரிச்சுடலாம். நீங்களும் மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. கடைக்குப் போன மனுஷன் என்ன பண்ண முடியும்?"

அந்தப் பரிவு அவனைத் தின்றது. ரயில் ஓடியதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

எல்லாக் கம்பிகளையும் மேலிருந்து விட்டுவிட்டுப் பிறகு தானே கீழே போய் முறுக்கலாம் என்பது திட்டம். கடைசிக் கம்பியைத் துளையில் விட்டான். இறங்கியது. நின்றது.

இரண்டு முறை இழுபட்டது.

எலி, என்றான் சத்தமாக. மேசையைச் சுற்றித் தொங்கிய கறுப்புத் துணி அசையவில்லை. மழைச் சத்தம். பாதையில் நின்ற எஞ்சின்கள். எண்ணெய் மணம், இப்போது பக்கத்தில். பழைய பழக்கம், கம்பியின் மேல்முனை விரலில் சுற்றியிருந்தது. எப்போது சுற்றினான்?

மூன்று.

கழற்றப் பார்த்தான். வரவில்லை. மறுபடி மூன்று.

"அண்ணா" என்றான்.

குனிந்தான். துணியை விலக்கினான்.

அடியில் யாரும் இல்லை. தொங்க வேண்டிய நாற்பது கம்பிகளும் தொங்கவில்லை. நாலு பக்கமிருந்தும் விறைப்பாக இழுபட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், ஒரே இடத்தில் கூடியிருந்தன. ஒரு பிடிக்குள் அடங்கியதுபோல.

"தம்பி? கூப்பிட்டீங்களா?"

அண்ணி வாசலில் நின்றாள்.

"நான் கடைக்குப் போகல அண்ணி. இங்கதான் இருந்தேன். கம்பியை இழுத்தான். கோவத்துல விட்டுட்டுப் போயிட்டேன்."

அவள் திட்டவில்லை. மெல்ல வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் விலக்கிப் பிடித்திருந்த துணிக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் இழுத்தாரு?"

அவனுக்குத் தெரியாது. அதுவரை இருக்கவில்லை.

கம்பிகள் இறுகின. மூன்று. இடைவெளி. மூன்று. இருவரும் அது ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். இழுப்பு மெலிந்தது. இன்னும் மெலிந்தது. ஜன்னல் இருட்டி, மழை விட்டு, தெருவிளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. கம்பி சுற்றிய அவன் விரல் நீலம் பாரித்திருந்தது.

இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.