முப்பத்திரண்டாவது கோடு

"அந்தக் கோட்டை அழிச்சிடுங்க டீச்சர். ரூமைப் பூட்டிடலாம்."

"மாட்டேன் சார். கணக்கு தப்பாப் போட்டதுக்கு யாராவது பிள்ளையை வெளிய தள்ளுவாங்களா?"

தலைமையாசிரியர் வாசற்படியைத் தாண்டவில்லை. இன்று மாலைக்குள் சாவி தன் மேசைக்கு வந்தாக வேண்டும் என்றார். பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே ஓட்டம் பிடித்திருந்தார்கள். அவரும் போய்விட்டார்.

கணக்கு டீச்சர் மட்டும் உள்ளே நின்றாள்.

ஸ்மார்ட் போர்டுக்காகத் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்ததால் பட்டப்பகலிலும் அறை கிணற்றின் அடிபோல் இருண்டிருந்தது. போர்டில் இரண்டு புள்ளிகள். அவற்றின் வழியே போகும் கோட்டின் சமன்பாட்டை ஒவ்வொரு பிள்ளையும் தன் டேப்லெட்டில் எழுதி அனுப்பினால், கோடு போர்டில் தானாக விழும். வகுப்பில் முப்பத்தொரு பேர்.

பத்து நாளாக விழுவது முப்பத்திரண்டு கோடுகள்.

கடைசிக் கோடு முதல் புள்ளியைத் தொடும். இரண்டாவதைத் தவறவிடும். இன்றும் அப்படித்தான். விடை y = 2x + 1. அதுவோ y = x + 2.

எண்களை இப்படி இடம் மாற்றிப் போடுகிறவள் ஒருத்திதான். எழுதி எழுதி அழிப்பதால் வகுப்பே 'ரப்பர்' என்று கூப்பிட்ட பெண். போன வருடம் ஒரு சாயங்காலம், இன்னொரு தடவை சொல்லித் தரச் சொல்லிக் கேட்டாள். நாளைக்கு என்றாள் டீச்சர். மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் அவள் வரவேயில்லை.

அவளுடைய டேப்லெட் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதில் சார்ஜ்கூட இல்லை.

அலமாரிக்குள் விரல்நகம் கண்ணாடியைத் தட்டியது.

டொக். டொக்.

ஈரத்துணி வாடை. பிடரியில் குளிர்.

டீச்சரின் கால்கள் கதவுப் பக்கம் திரும்பின. அவள் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"உன்னைக் கண்டு ஓடிட்டா நான் என்ன டீச்சர்? கவனி. கோடு எவ்வளவு ஏறுதோ, அந்த எண் xகூட ஒட்டிக்கிட்டு நிக்கும். y-அச்சை எங்க வெட்டுதோ, அந்த எண் தனியா நிக்கும். இப்ப போடு."

தட்டல் நின்றது.

போர்டில் அந்தக் கோடு நடுங்கியது. முதல் புள்ளியை விடாமல் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தது. இரண்டாவது புள்ளியைத் தொட்டது.

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வந்து பூட்டட்டும், பார்க்கலாம்" என்றாள், காலியான வாசலைப் பார்த்து.

முதுகுக்குப் பின்னால் போர்டு வெளுத்தது.

முப்பத்து மூன்றாவது கோடு விழுந்தது.

போன வருட வருகைப் பதிவேட்டில்கூட அந்த எண் கிடையாது.

கோட்டின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ரப்பரின் கையெழுத்து அல்ல. டீச்சர் அதுவரை பார்த்தேயிராத ஒன்று.

"டீச்சர், எனக்கும் ஒரு தடவை சொல்லித் தருவீங்களா?"