பூட்டாத சிவப்புப் பெட்டி

"இதை யாரு எடுத்தது?"

அஃப்ரின் கேட்ட கேள்வி யார் காதிலும் விழவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் காலை. தென் கிள்ளானில் அவர்கள் தெருவின் சின்னத் தொழுகைக்கூடமான சூராவின் பின்புறம் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் மாட்டைச் சுற்றி நிற்க, பெண்கள் இறைச்சி கட்டப் பிளாஸ்டிக் பைகளோடு காத்திருந்தார்கள். போதாக்குறைக்குத் தூறல் வேறு. இந்த அமளியில், சுவரில் தொங்கும் ஒரு சிவப்புப் பெட்டியைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அவளுக்கு இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி அவள். பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு, போன மாதம்தான் அந்தப் பெட்டியை இங்கே மாட்டினாள். பெரிய வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினால், ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்துவைக்க வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. "பூட்டு போடும்மா, களவு போயிடும்" என்றார் சூராவ் தலைவர் இல்யாஸ். "உயிர் போற நேரத்துல சாவிய எங்க அங்கிள் தேடுறது?" என்று மல்லுக்கு நின்று, பூட்டில்லாமலே வைத்தவள் அவள்.

இப்போது பஞ்சுத்துணி இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது... ரத்தம் நிற்கக் கை காலை இறுக்கிக் கட்டும் கறுப்புப் பட்டையை மட்டும் காணோம்!

சுற்றும் முற்றும் பார்த்தாள். மாடு ஏற்றி வந்த லோரியின் பின்கதவில், உடைந்துபோன கொக்கிக்குப் பதிலாக, சமர்த்தாகக் கட்டப்பட்டிருந்தது அது. பட்டையின் நடுவிலிருக்கும் திருகு குச்சிகூட ஆடாமல் அசையாமல் இருந்தது.

"பாஸ்! அது என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

லோரிக்குப் பின்னாலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். டெங்கிலில் இருந்து மாடு கொண்டுவந்த முஸ்அப். தலைமுடியில் மழைத்துளி. கண்ணில் ஒரு குறும்பு... அந்தக் கண்களை அல்லாஹ் கொஞ்சம் நிதானமாகத்தான் படைத்திருக்க வேண்டும்.

"பெல்ட்டு. நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு லா."

"அது பெல்ட்டு இல்ல, உயிரு! கழட்டுங்க முதல்ல."

"ஐயோ மிஸ், உள்ள இன்னொரு மாடு நிக்குது. கழட்டினா நேரா உங்க மேலதான் பாயும். ஒரு அஞ்சு நிமிஷம்... அதை எறக்கிட்டுக் கழுவித் தரேன். பாஸ்னு கூப்பிட்டுக்கிட்டே இவ்வளோ திட்டு திட்டுறது நீங்க ஒருத்தர்தான்."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சே நிமிஷம்" என்றாள்.

பிறகு எத்தனையோ முறை அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அழப்போகிறாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது நிமிடம் அது நடந்தது.

மாட்டைச் சாய்க்கும்போது பின்னங்கால் கயிறு நழுவியது. ஒரே உதை. கத்தியோடு குனிந்திருந்தவர் அஃப்ரினின் அத்தா, அகமது. முப்பது வருடமாக இந்தத் தெருவுக்கு அறுத்துக் கொடுப்பவர். கத்தி அவர் கையிலிருந்து விலகி அவருடைய உள்தொடையிலேயே இறங்கியது. "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர், இரண்டடி வைத்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கைலி கண்ணெதிரே சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"அத்தா!"

ஓடினாள். பஞ்சுத்துணியைக் காயத்துக்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். விரலிடுக்கில் சூடாக வழிந்தது ரத்தம். நிற்கவில்லை. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறார்கள். யாரோ காப்பித்தூள் கொண்டுவா என்று கத்துகிறார்கள். அத்தாவின் உதடு வெளுத்துக்கொண்டே போகிறது... யா அல்லாஹ்! பட்டை... பட்டை எங்கே?

லோரிப் பக்கம் தடாரென்று சத்தம். முஸ்அப் பட்டையைப் பிடுங்கிவிட்டான். கதவு விழுந்தது, மாடு குதித்தது, கூட்டம் சிதறியது. அவன் எதையும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து, அவள் பக்கத்தில் மண்டியிட்டுப் பட்டையை நீட்டினான்.

அப்போதுதான் அந்த விபரீதம். அஃப்ரினின் கை வரவில்லை.

பயிற்சியில் பத்து முறை கட்டிக் காட்டியவள். பிளாஸ்டிக் பொம்மையின் காலில் கண்ணை மூடிக்கொண்டு கட்டியவள். ஆனால் இது பொம்மை இல்லையே... சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாசார் சந்தைக்குப் போன அத்தா. விரல்கள் மரத்துப்போயின. எந்தப் பக்கம் நுழைப்பது, எங்கே இழுப்பது, எதுவும் ஞாபகமில்லை.

"மிஸ்."

குரல் காதருகில் கேட்டது.

"மிஸ், என்னப் பாருங்க. அங்க பாக்காதீங்க, என்னப் பாருங்க. நீங்க அழுத்திக்கிட்டே இருங்க. வாயால சொல்லுங்க, நான் செய்றேன்."

பார்த்தாள். குறும்பு போன இடம் தெரியவில்லை. அந்தக் கண்களிலும் அவளுடைய அதே பயம்தான் இருந்தது. ஆனால் அவை அவளை விட்டு நகரவில்லை.

"கா... காயத்துக்கு மேல. தொடையோட உச்சியில..."

"போட்டாச்சு."

"இழுங்க. நல்லா. இப்போ அந்தக் குச்சியத் திருகுங்க. ரத்தம் நிக்கிற வரைக்கும்..."

அகமது அலறினார். "விடும்மா, மனுஷன் வலி தாங்கல, லூசாக்கு!" என்று பின்னாலிருந்து நாலு குரல்கள். முஸ்அப்பின் கை ஒரு கணம் தயங்கியது.

"விடாதீங்க!" என்றாள் அஃப்ரின். "விட்டா போயிடுவாங்க... இன்னும் ஒரு சுத்து!"

சுற்றினான். அவள் விரலிடுக்கில் வழிந்தது குறைந்தது... நின்றது. குச்சியை அதன் பிடிக்குள் மாட்டினான். எப்போது கட்டியது என்று டாக்டருக்குத் தெரிய, மணி பார்த்துப் பட்டையின் மேல் எழுதச் சொன்னாள், எழுதினான். பத்து மணி பதினேழு நிமிடம். அத்தாவின் கண்கள் மூடியிருந்தன.

ஆஸ்பத்திரியில் அன்று மாலைவரை அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த நேரமெல்லாம் எதிர் வரிசையில் ரத்தக்கறைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான் முஸ்அப். அவள் அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இவன் அதை எடுக்காமல் இருந்திருந்தால்... ஒரு நிமிடம் முந்தியிருக்குமே! மனம் கொதித்தது. கொதிப்புக்கு அடியில் வேறொன்று குத்தியது. அஞ்சு நிமிஷம் கொடுத்தது யார்? சிரித்தது யார்?

உயிரும் காலும் தப்பிவிட்டன என்று டாக்டர் வந்து சொன்னபோது, எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

நாலாம் நாள் பார்வையாளர் நேரம். அகமது தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இல்யாஸ் கட்டில் ஓரம் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தார்.

"தெருவே உன் மகளைத்தான் பேசுது அகமது. தனி ஒருத்தியா நின்னு கட்டினாளாமே! அந்த லோரிக்காரன் திருடிக் கட்டி வச்சதாலதான இவ்வளோ தொல்லை? அந்த மாட்டை நாங்க மூணு தெரு விரட்டினோம். இனிமே பெட்டிக்குப் பூட்டு. சாவி என் இடுப்புல."

"அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்றார் அகமது.

வாசலில் நிழலாடியது. கையில் ஆரஞ்சுப் பையோடு முஸ்அப். எல்லாம் கேட்டிருப்பான் போல. உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றான்.

"யாரு... இவனா? போகச் சொல்லு அஃப்ரின்! முகத்துல முழிக்காதன்னு சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சொல்லவேண்டியது நெஞ்சில் இருந்தது, தொண்டையில் இருந்தது. நாக்கு மட்டும் எழவில்லை. சொன்னால் அத்தாவின் முகத்தில் இருக்கும் அந்தப் பெருமை போய்விடுமே... அவன் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, தலையைக் குனிந்து திரும்பி நடந்தான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அதுதான் அவளைக் கொன்றது.

"அத்தா... நான் கட்டல."

கஞ்சிக் கரண்டி பாதியில் நின்றது.

"என் கை ஓடல அத்தா. உங்க ரத்தத்தைப் பாத்து எல்லாம் மறந்துபோச்சு. திருகினது அவரு. நான் வெறும் வாயாலதான் சொன்னேன். அதுவும் அவரு கேட்டதாலதான் வந்துச்சு. அவரு தெரியாம எடுத்தாரு. ஆனா தெரிஞ்சும் அஞ்சு நிமிஷம் விட்டது நான்." மூச்சு வாங்கினாள். "பூட்டு வேணாம் அங்கிள். அந்தப் பட்டை என்னான்னு நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கல. சொல்லியிருந்தா அவரு தொட்டிருக்கவே மாட்டாரு. எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்... பூட்டு மட்டும் வேணாம்."

அகமது மகளைப் பார்த்தார். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

"லிஃப்ட்டுக்கு நிக்காத," என்றார். "படியில ஓடு."

கீழே நல்ல மழை. கிள்ளான் மழை தெரியாதா, சொல்லிக்கொண்டா வரும்! லோரி நகரத் தொடங்கியிருந்தது. நனைந்துகொண்டே ஓடி, கதவைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"அத்தா கூப்பிடுறாங்க."

"அடிக்கவா?"

"தெரியாது. நான் உண்மைய சொல்லிட்டேன்."

"ஏன் மிஸ்? நாலு பேரு உங்களை நல்லவிதமா பேசுறாங்க... எனக்கென்ன, டெங்கில்காரன், திட்டு வாங்கிட்டுப் போயிடுவேன்." அவன் பார்வையை ஸ்டியரிங்குக்குத் திருப்பினான். "நேத்தும் முந்தாநேத்தும் வந்தேன். இங்கயே நின்னுட்டு, மேல ஏறப் பயந்துக்கிட்டுப் போயிட்டேன். கண்ணை மூடினா அந்த ரத்தம்தான். ராத்திரியெல்லாம் கனவுல அந்தக் குச்சியத் திருகிக்கிட்டே இருக்கேன்."

"எனக்கும்தான்... ஆனா கண்ணுல அந்த ரத்தம் வரதுக்கு முன்னாடி உங்க குரல் வந்துடுது. 'என்னப் பாருங்க'ன்னு."

மழை லோரிக் கூரையில் சடசடத்தது. அவள் கை லோரிக் கதவைப் பிடித்திருந்தது. லோரி நின்ற பிறகும் அதை அவள் விடவில்லை.

"இன்னும் என்ன பயம் மிஸ்? அதான் அத்தா பொழைச்சிட்டாங்களே."

"அத்தாவுக்காக இல்ல." முகத்தில் வழிந்தது மழையா, கண்ணீரா... அவளுக்கே தெரியவில்லை. "படியில ஓடி வரும்போது நீங்க போயிருப்பீங்கன்னு நினைச்சேன். அன்னிக்கு அத்தாகிட்ட உக்காந்திருந்தப்போ எப்படி இருந்துச்சோ, அதே பயம். ஒரு லோரிக்காரருக்காக எதுக்கு இப்படி வரணும்... சொல்லுங்க?"

முஸ்அப் இன்ஜினை அணைத்தான்.