வெறும் ஏணை

வாவியில் மூன்று நாள் உல்லாசமாகத் தோணியில் போய்வரலாம் என்று முடிவெடுத்தவர் நல்லரத்தினம். அந்த மூன்று நாளுக்கும் வேண்டிய பதினொரு மூட்டைகளைக் கட்டியவள் அவருடைய பெண்சாதி கண்ணகை. அவள் தோளில் நாலு மாதப் பெண் குழந்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், சித்திரை விடுமுறையில் ஒரு காலை, மட்டக்களப்புத் துறையில் வந்து இறங்கியபோதே அவளுக்கு உடம்பெல்லாம் எரிச்சலாக இருந்தது.

எல்லாம் அரசாங்கக் கச்சேரியின் வெள்ளைக்காரத் துரையால் வந்த வினை. துரை போன மாதம் தன் கைக்குழந்தையோடு இதே வாவியில் பயணம் போய்வந்து, நீர்க்காற்று பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் கீழே கிளாக்கராக இருந்த நல்லரத்தினம் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். துரையோடு ஆயா ஒருத்தியும் சமையற்காரன் ஒருவனும் போனதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். இங்கே ஆயாவும் கண்ணகைதான், சமையற்காரனும் கண்ணகைதான்.

"ஈரத் துணியெல்லாம் எங்க காயப் போடுறது?" என்று கேட்டாள்.

"தோணிக் கூரையில போடு. காத்துக்கா பஞ்சம்?"

காற்றுக்குத்தான் பஞ்சம். தோணிக்காரர் ஹலீம் காக்கா, காத்தான்குடிக்காரர், பாயை விரித்துப் பார்த்தார். அது கொடியில் போட்ட துணியைப்போலத் தொங்கியது. அதைச் சுருட்டி வைத்துவிட்டு, கம்பை ஊன்றித் தள்ளத் தொடங்கினார். தெற்கே மண்டூர்வரை போய்த் திரும்புவது திட்டம். இந்தப் போக்கில் போனால் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும் என்று கண்ணகை நினைத்தாள்.

நல்லரத்தினம் செய்த ஒரே வேலை ஏணை கட்டியது. தென்னோலைக் கிடுகுக் கூரையின் குறுக்கு வளையில் அவளுடைய பழைய சேலை ஒன்றைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, முடிச்சை இறுக்கி, தள்ளி நின்று அழகு பார்த்தார். ஆட்டுவதற்கு அடியில் ஒரு கயிறும் கட்டினார். வீட்டில் ஏணை இல்லாமல் உறங்காத பிள்ளை, இதில் கிடத்தியதும் வீறிட்டது. தூக்கினால் நிறுத்தியது. கிடத்தினால் வீறிட்டது. நாலு தரம் பார்த்துவிட்டு அவள் தோற்றுப்போனாள்.

"கொஞ்ச நேரம் வெச்சிரிங்களன். கை கழண்டு போகுது."

"இப்பத்தான் தூண்டில் போட்டன், கண்ணகை. பொறு."

பொறுத்தாள். வெயில் ஏறியது. கூரைக்குள்ளே புழுக்கம் அவித்தது. பிள்ளை அவள் கழுத்தில் கக்கியது, மடியில் நனைத்தது, பாலுக்கு அழுதது, கொடுத்தால் தலையைத் திருப்பியது. அந்த அழுகைக்கு ஒரு தனிச் சுருதி இருந்தது. நடுவில் ஒரு விக்கல் விக்கி, பிறகு முன்னைவிட உரக்க எடுக்கும். காலையிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு அவள் மண்டைக்குள் அது கூடு கட்டிவிட்டது. அவருக்கோ மீன் அகப்படாத கவலை.

தோணி அசைய அசைய, வெறும் ஏணை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஹலீம் காக்கா தோணியின் பின்னணியத்தில் நின்றபடி இரண்டு தரம் அதைப் பார்த்தார். மூன்றாம் தரம் சொன்னார். "தங்கச்சி, புள்ள இல்லாத ஏணை ஆடப்படாது. அவுத்துச் சுருட்டி வைங்க."

கண்ணகைக்கும் அது தெரியும். வெறும் ஏணையை யாரும் ஆட்டமாட்டார்கள்; ஆட்டினால் வேறேதாவது வந்து படுக்கும் என்பார்கள். பிள்ளையை எடுத்ததும் சேலையை முறுக்கி மேலே செருகிவிடுவது வழக்கம். அவள் எழுந்து ஒரு கையால் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அது கல்லாக இறுகிக் கிடந்தது.

"இத ஒருக்கா அவுத்துத் தாங்க."

"நாம ஆட்டல்ல, தோணிதான் ஆட்டுது," என்றார் நல்லரத்தினம், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "துரைமார்ர தோணியில இதெல்லாம் ஆர் பாக்கிற?"

நடுப்பகலில் செட்டிபாளையத்துக்கு நேரே, கண்டல் மரம் மண்டிய ஒரு சின்னத் தீவுத் திட்டியில் தோணியைக் கட்டினார்கள். ஹலீம் காக்கா லுஹர் தொழவும் விறகு பொறுக்கவும் இறங்கினார். மறுபக்கம் மீன் இருக்கும் என்று நல்லரத்தினமும் தூண்டிலோடு போனார். தோணியில் அவளும் பிள்ளையும் மட்டும்.

அப்போதுதான் அதிசயமாகப் பிள்ளை உறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பாயில் கிடத்தினாள். அழவில்லை. அவள் கூரைக் காலில் சாய்ந்து காலை நீட்டினாள். காலையிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நிமிஷம் அது.

சத்தமே இல்லை. கண்டல் வேரில் தண்ணீர் நக்குகிற ஓசைகூட நின்றுபோயிருந்தது. சேற்று மணம் மட்டும் கனத்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் கால் அசைவதைக் கவனித்தாள். ஏணைக் கயிறு பெருவிரலில் மாட்டிக் கிடந்தது. நாலு மாதத்துப் பழக்கம். எப்போது மாட்டினாள் என்றே தெரியவில்லை. தோணி அசையாமல் நின்றது. ஏணையை ஆட்டியது அவள்தான்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு எல்லார்மேலும் கோபமாக இருந்தது. துரைமேல், புருஷன்மேல், பிள்ளைமேல், அவிழாத முடிச்சின்மேல்.

"இவவுக்கு வேணாமாம்," என்று முணுமுணுத்தாள். "படுக்க ஆளிருந்தா வந்து படுங்க. ஆட்டித்தான் விடுறன்."

வேண்டுமென்றே இன்னும் இரண்டு தரம் ஆட்டினாள். கண் தானாக மூடிக்கொண்டது.

விழித்தபோது வெயில் பாயின் மறு ஓரத்துக்குப் போயிருந்தது. கால் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தது.

கயிறு கனத்தது.

வெறும் சேலையை இழுப்பதற்கும் பிள்ளை கிடக்கிற சேலையை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தாயின் கால்விரலுக்குத் தெரியும். சேலையின் நடுப்பகுதி தொய்ந்து, உருண்டு, கீழே இறங்கியிருந்தது. போய்வரும்போது கூரை வளை மெல்ல முனகியது.

பக்கத்தில் பார்த்தாள். பாயில் பிள்ளை அப்படியே கிடந்தது. கண் திறந்திருந்தது. அழாமல் அவளையே பார்த்தது.

பிள்ளை இங்கே.

அப்படியென்றால் ஏணையில்?

அவளுக்கு ஆட்டுவதை நிறுத்தப் பயமாக இருந்தது. காலை மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டே, பாயில் கிடந்த பிள்ளையை வாரி மடியில் போட்டாள். அதன் உடம்பு சில்லென்றிருந்தது. நிழலில் கிடந்ததால் இருக்கும் என்று நினைத்தாள்.

ஆண்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். ஹலீம் காக்கா தோணிக்குள் கால் வைக்கப்போய், வைக்காமல் நின்றார். அவர் பார்த்தது தோணியின் விளிம்பை. கண்ணகை இருந்த பக்கம் தோணி நாலு விரல் தண்ணீருக்குள் தாழ்ந்திருந்தது.

"ஆர் ஏறின?" என்றார்.

"ஆரும் இல்ல," என்றாள் கண்ணகை. "காக்கா, ஏணைய பாருங்க."

அவர் பார்த்தார். தோளிலிருந்த விறகை ஓசையில்லாமல் தரையில் வைத்தார்.

நல்லரத்தினம் மட்டும் எரிந்து விழுந்தார். "மூட்டையப் போட்டிரிப்பா. இதுக்கொரு பயமா?" என்று கையை ஏணைக்குள் விடப் போனார். காக்கா அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"தொடாதங்க ஐயா. உள்ள பாக்கவும் வேணாம். அது நித்திரையாக் கெடக்கு."

"எது?"

காக்கா கண்ணகையிடம் குனிந்து, காதோடு பேசினார். "ஆட்டுறத நிப்பாட்டாதங்க தங்கச்சி. ஒழும்பினா பாலுக்கு அழும். அழுதாலும் குடுக்காதங்க. குடுத்திட்டா, மறுகா என்டைக்கும் அது உங்கட புள்ளதான். கரைக்குப் போவம். நீங்க புள்ளயோட இறங்குங்க, நான் தோணியத் தள்ளி உட்டுடுறன். எனக்கு இது இனி வேணாம்."

திட்டியிலிருந்து செட்டிபாளையக் கரைக்கு அரை மணி நேரம். காக்கா ஒரு கம்பும் நல்லரத்தினம் ஒரு கம்புமாக ஊன்றினார்கள். கண்ணகை ஆட்டினாள். கால் மரத்தது, மறு காலுக்குக் கயிற்றை மாற்றி ஆட்டினாள். ஏணையில் இருப்பது எழும்பிவிடக் கூடாது, அதற்காக மடியில் இருப்பது அழுதுவிடக் கூடாது. காலையிலிருந்து தொண்டை கிழிய அழுத பிள்ளை இது. வாயைப் பொத்துவதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தாள்.

பிள்ளை அழவில்லை. பாலைக் கொடுத்துப் பார்த்தாள். உதடு அசையவில்லை. இமையும் அசையவில்லை. கடைசியில் ஒரு நல்ல புத்தி வந்ததே என்று அவள் அதன் தலையைத் தடவினாள். முடி ஈரமாக இருந்தது.

கரை வந்தது. கண்ணகை கயிற்றை விரலிலிருந்து உருவி மெல்ல வைத்துவிட்டு, பிள்ளையை அணைத்தபடி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் கால் சேற்றில் ஆழமாகப் புதைந்தது. நல்லரத்தினமும் இறங்கினார். காக்கா பிஸ்மி சொல்லி, தோணியை இரண்டு கையாலும் ஆழத்துப் பக்கம் தள்ளினார். அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து வராத காற்று வந்தது. தோணி விறுவிறுவென்று விலகியது.

காக்காவின் கை தள்ளிய நிலையிலேயே நின்றுவிட்டது. அவர் தோணியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோணி நிமிர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சரிசமமாக, இலேசாக மிதந்தது. ஏணையோ உள்ளேதான் தொங்கியது, அதே தொய்வோடு.

"தங்கச்சி," என்றார். "பாரம் உங்களோட இறங்கிட்டு."

அப்போது தோணிக்குள் அழுகை எழுந்தது. நடுவில் ஒரு விக்கல். பிறகு முன்னைவிட உரக்க.

கண்ணகையின் மார்பு கடுத்து, சட்டை நனைந்தது.

மூன்று பேரில் ஒருவராவது அந்தச் சேலையை விலக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தன் பிள்ளையை அரை மணி நேரம் பேயென்று ஆட்டியிருக்கிறாள்.

அவள் கையில் இருந்ததைக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று தெரிந்தது. "இந்தாங்க," என்று பக்கத்தில் நின்ற புருஷனின் கையில் அதைத் திணித்துவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தாள். இடுப்பு, மார்பு, கழுத்து. காக்கா அவளைத் தாண்டி நீந்திப் போய்த் தோணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவள் விளிம்பில் தொற்றி ஏறி, ஏணைக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

சூடாக இருந்தது. காலை உதைத்தது. வியர்த்து, சிவந்து, கோபத்தில் முகம் கோணி, அவளுடைய பிள்ளை. தோணியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். அது கடித்துக் குடித்தது. கண்ணகை வாய்விட்டு அழுதாள், உலகத்தில் இதைவிட வேறு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

கரைக்குத் திரும்பியபோது நல்லரத்தினம் முழங்கால் தண்ணீரில் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் கையில் ஈரத் துணி ஒன்று மட்டும் இருந்தது.

"அது எங்க?" என்று கேட்டாள்.

"எது?" என்றார் அவர்.

ஹலீம் காக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கரையில் இறக்கி வைத்தார்.

செட்டிபாளையத்தில் ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பிள்ளை வயிறு நிறைந்து அவள் மடியில் குறட்டை விட்டது. இந்த மனிதரோடு இனி எந்தப் பயணமும் இல்லை என்று அவள் மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். ஒரு மூட்டை வண்டியின் ஆட்டத்தில் நழுவிக்கொண்டே இருந்தது.

"அத ஒருக்காப் பிடிங்க," என்றாள்.

அவர் வலது கையை மட்டும் நீட்டினார். இடது கை மார்போடு மடிந்து வளைந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சட்டையில் ஈரம் காயவில்லை.

"ரெண்டு கையாலயும் பிடிங்களன். விழப் போகுது."

நல்லரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. வளைந்த கைக்குள்ளே குனிந்து பார்த்தார். அவர் தோள் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"மெல்லக் கதை, கண்ணகை," என்றார். "இப்பத்தான் கண்ணயருது."