கோழிப் போர்வையின் நான்காவது ஓரம்

மாரென் ஓடினாள். கையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துணித் துண்டு. அவளுக்கு முன்னால், கடைத்தெருவின் கோடியில், அழுக்கு நீல பிக்கப் வண்டி ஒன்று மெல்ல நகரத் தொடங்கியிருந்தது.

"அங்கிள், நில்லுங்க. துண்டை விட்டுட்டுப் போறீங்க."

வண்டிக்காரருக்குக் கேட்கவில்லை. மாரென் ஓரமாக ஓடி, கண்ணாடியில் அவர் பார்க்கும்படி கையை வீசினாள். வண்டி குலுங்கி நின்றது.

அவர் பெயர் கர்ட். சற்று முன்புதான் போர்வைக் கடையில் அறிமுகம். அறிமுகம் என்ன, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் கதை தெரியும்.

கோடைதோறும் ஐயோவா மாநிலத்தில் கடை உலா நடக்கும். துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் பெண்கள், தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் காரில் போவார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு போர்வைக் கடை. ஒவ்வொரு கடையிலும் அட்டையில் ஒரு முத்திரை. எல்லா முத்திரையும் வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் ஒரு புதுத் தையல் இயந்திரம். மாரெனின் அம்மாவும் அவள் தோழி ரோண்டாவும் காலையிலிருந்து சோளக்காடுகளுக்கு நடுவே அலைவது அதற்காகத்தான். பின் இருக்கையில் மாரெனும், ரோண்டாவின் மகள் பிரீயும், மடியில் மூட்டை மூட்டையாகத் துணியும்.

அந்தப் பெண்கள் கூட்டத்தில்தான் கர்ட் தனி ஆளாக வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிப் பிசைந்துகொண்டே வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மனைவி டார்சிக்கு முதல் குழந்தை. நாள் முந்திப் பிறந்துவிட்டது. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழந்தைக்காக டார்சி தைத்த போர்வையில் மூன்று ஓரம் முடிந்துவிட்டது. நான்காவது ஓரத்துக்கு மடித்து வைத்திருந்த துணியை எடுத்து அவர் டிராக்டர் எண்ணெயைத் துடைத்துவிட்டார்.

வரிசையில் இருந்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கொலையை ஒப்புக்கொண்டிருந்தால்கூட அவ்வளவு அமைதி வந்திருக்காது.

"கோழி படம் போட்ட துணி எங்க இருக்கும் பாப்பா?" என்று அவர் கேட்டபோது, மாரென்தான் அலமாரியைக் காட்டினாள். மாதிரிக்காக அவர் கையில் கொண்டு வந்திருந்த பழைய துண்டை அவள் அப்போது பார்க்கவில்லை. கர்ட் ஓடிப்போய்த் துணியை வெட்டி வாங்கிக்கொண்டு, காசைக் கொடுத்து, துண்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது அவர் சன்னல் வழியாகக் கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து புதுத்துணியை எடுத்து அதன்மேல் துண்டை வைத்துக் காட்டினார்.

"பாரேன். அதே கோழி, அதே கொண்டை. ஒரு இறகுகூட மாறல."

மாரென் பார்த்தாள். கோழி அதே கோழிதான். ஆனால் துண்டு செங்கல் சிவப்பு. புதுத்துணி பாசிப் பச்சை.

ஒரே படத்தை நாலைந்து நிறத்தில் அச்சிட்டு விற்பது போர்வைத் துணியில் வழக்கம். அது மாரெனுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். இவர் விளையாடுகிறாரா?

விளையாடவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னாலேயே ஓடி வந்த பிரீ துணியைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். மாரென் அவள் காலை மிதித்தாள்.

"ஆ. என்னடி?"

"உங்கம்மா கூப்பிடறாங்க."

"எனக்குக் கேக்கலியே."

"எனக்குக் கேட்டுச்சு. போ."

பிரீ முனகிக்கொண்டே போனாள். மாரென் சன்னலுக்குப் பக்கத்தில் வந்து, தெருவில் போகிறவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், கோழி சரிதான். நிறம் மட்டும் வேற. இது சிவப்பு. அது பச்சை."

கர்ட்டின் சிரிப்பு மெல்ல இறங்கியது. இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் மேல் வைத்துவிட்டார்.

"எனக்கு ரெண்டும் காஞ்ச வைக்கோல் மாதிரிதான் தெரியுது," என்றார். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல இதை வெச்சே என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்ல. டார்சிக்குக்கூடத் தெரியாது."

அப்போதுதான் மாரெனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. காலையில் போன ஹாலோவே ஊர்க் கடையில் இதே கோழித் துணி இருந்தது. சிவப்பு. அதைப் பார்த்துத்தான் பிரீ கொக்கரித்து, கடைக்காரரிடம் முறைப்பு வாங்கினாள்.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கர்ட்டின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. தாயையும் குழந்தையையும் இப்போதே வந்து கூட்டிப் போகலாமாம். ஆஸ்பத்திரி கிழக்கே. ஹாலோவே மேற்கே.

"விடு பாப்பா," என்றார் அவர். "மூணு ஓரத்தோடயே போத்திக்கட்டும்." சொல்லும்போது அவர் மாரெனைப் பார்க்கவில்லை.

"உங்க வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். வேற எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் வழி சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடைக்குள் திரும்பி நடக்கும்போதுதான் மாரெனுக்கு மற்றது உறைத்தது. காரை ஓட்டுவது ரோண்டா. உலாவில் இன்னும் ஒரே ஒரு கடைதான் பாக்கி. ஹாலோவேக்குத் திரும்பினால் அந்தக் கடை மூடிவிடும். ஒரு முத்திரை குறைந்தாலும் குலுக்கல் இல்லை. ரோண்டாவின் பழைய இயந்திரமோ பத்துத் தையலுக்கு ஒரு முறை நூலைச் சிக்கலாக்கித் துப்பும்.

துணி மாறிப்போனதையும் ஹாலோவேக்குப் போக வேண்டியதையும் அவள் சொன்னதும், ரோண்டா கேட்ட முதல் கேள்வி முத்திரையைப் பற்றியது அல்ல.

"அந்த மனுஷனுக்குக் கண்ணு எங்க போச்சு? கையில சிவப்பை வெச்சுக்கிட்டு யாராவது பச்சையை வாங்குவாங்களா?"

"அவர் மேல தப்பில்ல ஆன்ட்டி. நான்தான் அந்த அலமாரியைக் காட்டினேன். நிறத்தை நான் பாக்கல."

அதில் பொய் எதுவும் இல்லை. உண்மையில் பாதி அது. மீதிப் பாதி அவளுடையது அல்ல.

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ரோண்டா அதைப் பிடித்துக்கொண்டாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து துணிக்கு நடுவில் வளர்ந்த பெண்ணாம், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். சாலையில் விளக்கு எரிந்தால் எப்படித் தெரு தாண்டுவாய் என்று கேட்டாள். பிரீக்குக் கொண்டாட்டம். வழியில் தெரிந்த மாட்டுக் கொட்டகையைக் காட்டி, அது என்ன நிறம் சொல் பார்க்கலாம் என்று வேறு இழுத்தாள்.

ஆனால் இதெல்லாம் நடந்தது கார் மேற்கே திரும்பிய பிறகுதான். ரோண்டாவின் நாக்குக்கும் அவள் கைக்கும் சம்பந்தமே கிடையாது. நாக்கு திட்டிக்கொண்டிருக்கும்போதே கை காரைத் திருப்பிவிட்டிருந்தது.

ஹாலோவே கடைக்கு அம்மா போன் செய்து பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. உலா நாளில் யார் எடுப்பார்கள்? போதாக்குறைக்கு ஒரு அறுவடை வண்டி சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ரோண்டா ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் அடிக்க மாட்டார்கள். உதட்டைக் கடித்தபடி பின்னாலேயே உருட்டினாள்.

கடை மூடியாயிற்று என்று காட்டக் கடைக்காரர் கதவுப் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கார் போய் நின்றது. மாரென் குதித்து இறங்கினாள். கடைக்காரர் பிரீயைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இந்தத் தடவை கொக்கரிக்க மாட்டா," என்றாள் மாரென். "அந்தக் கோழித் துணி மட்டும் வேணும். ஒரு பாப்பா வீட்டுக்கு வருது."

கதவு திறந்தது. சுருளில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ஓர் ஓரத்துக்கு அது போதும் என்றாள் அம்மா.

கர்ட்டின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, டார்சி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மார்பில் குழந்தை, ஒரு ரொட்டி அளவுக்கு. மேசையில் மூன்று ஓரம் முடிந்த போர்வை. டிராக்டர் எண்ணெய் விஷயத்தைக் கர்ட் வண்டியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, திட்டு வாங்கிய பள்ளிப் பையன் மாதிரி நின்றார்.

மாரென் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, நிறத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா துணியை நீவித் தேய்த்தாள். ரோண்டா டார்சியின் இயந்திரத்தில் உட்கார்ந்து, நூல் சிக்காமல் ஓடுகிறதே என்று பெருமூச்சு விட்டபடி நான்காவது ஓரத்தைத் தைத்தாள். பச்சைக் கோழித் துணியை, போன முத்திரைக்கு ஈடு என்று சொல்லித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கர்ட் எல்லோருக்கும் காபி போடச் சமையலறைக்குள் போனார்.

தைத்துக்கொண்டே ரோண்டா முழுக் கதையையும் டார்சிக்குச் சொன்னாள். கதையில் வந்த குருட்டுக் கோழி மாரென்தான். மாரென் காது சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் மறுக்கவில்லை.

டார்சி சிரிக்கவில்லை. மாரெனையே பார்த்துக்கொண்டிருந்தவள், குழந்தையைப் பார்க்க வா என்று சைகை காட்டினாள். மாரென் குனிந்தாள். டார்சி அவள் காதோடு சொன்னாள்.

"நீ ஒண்ணும் தப்பாப் பாக்கல. எனக்குத் தெரியும்."

மாரென் திடுக்கிட்டாள். சமையலறைப் பக்கம் கண் போயிற்று.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு கூடை ஸ்ட்ராபெரி பறிச்சுக்கிட்டு வந்தார். நல்லாச் சிவந்ததாப் பார்த்துப் பார்த்துப் பறிச்சேன்னார். அத்தனையும் பச்சைக் காய். அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. அவர்கிட்ட சொல்லிடாதே, என்ன?" என்றாள் டார்சி. "ஒரு காய் விடாம எல்லாத்தையும் சாப்பிட்டேன்."